இடிமேகத்துக்குள் 40 நிமிடங்கள்

போர் விமானம் ஒன்று விழுந்து நொறுங்கிய செய்தி வரும்போதெல்லாம் நம் நாளிதழ்களில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறும்: விமானி பாராசூட் மூலம் குதித்து உயிர் தப்பினார். 2019 பிப்ரவரி 27 அன்று அபிநந்தன் வர்த்தமானின் மிக்-21 வீழ்ந்தபோதும் என்னைச் சுற்றியிருந்தவர்கள் பேச்சில் "குதித்துவிட்டார்" என்ற சொல்லையே கேட்டேன். அந்தச் சொல் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. கிணற்றில் குதிப்பவன் தன் காலை ஊன்றித் தன் விருப்பத்தில் குதிக்கிறான். போர் விமானத்தை விட்டு வெளியேறுகிறவரோ குதிப்பதில்லை. இருக்கைக்கு அடியில் இருக்கும் வெடிமருந்து அவரை இருக்கையோடு சேர்த்துத் தூக்கி எறிகிறது. அவர் செய்வதெல்லாம் கைப்பிடியை இழுப்பது மட்டுமே. உடல் எடையைப் போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேலான விசை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் முதுகெலும்பின் மீது இறங்குகிறது. 1999 கார்கில் போரில் எஞ்சின் நின்றுபோன மிக்-27 விமானத்திலிருந்து வெளியேறிய நச்சிகேதா, முதுகில் பட்ட காயத்தால், பிற்காலத்தில் போர் விமானத்தை விட்டுச் சரக்கு விமானங்களையே ஓட்ட வேண்டியிருந்தது.

அப்படியானால் "உயிர் தப்பினார்" என்னும் இரண்டு சொற்களுக்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கும்? அதை நான் உணர்ந்துகொண்டது அமெரிக்கக் கடற்படைக் காலாட்பிரிவைச் சேர்ந்த வில்லியம் ராங்கின் என்பவரின் அனுபவத்தைப் படித்த பிறகுதான். 1959 ஜூலை 26 அன்று அவருக்கு நேர்ந்ததை அவரே பின்னர் விரிவாக எழுதியிருக்கிறார். இடி இடிக்கும் இரவுகளில் இந்த மனிதரை நான் நினைத்துக்கொள்ளாமல் இருந்ததில்லை.

ராங்கின் அப்போது லெப்டினன்ட் கர்னல். இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் பணியாற்றியவர். அன்று மாலை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சவுத் வேமத் கடற்படைத் தளத்திலிருந்து தென் கரோலினாவின் போஃபர்ட் நகருக்குச் செல்ல வேண்டும். இரண்டு விமானங்கள் கிளம்பின: ஒன்றில் ராங்கின், மற்றொன்றில் அவருக்குத் துணையாக உடன் பறந்த ஹெர்பர்ட் நோலன். போர் இல்லை, பயிற்சித் தாக்குதல் இல்லை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு விமானத்தைக் கொண்டுபோகும் சாதாரணப் பயணம்தான்.

அவர்கள் ஓட்டியது வாட் நிறுவனத்தின் எஃப்-8 குருசேடர். 1955 மார்ச்சில் முதன்முறை பறந்த அன்றே ஒலியின் வேகத்தைத் தாண்டிய விமானம் அது. 1957-இல் ஜான் கிளென், பிற்காலத்தில் விண்வெளிக்குச் சென்ற அதே கிளென், அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மூன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகப் பறந்து சேர்ந்ததும் இந்த வகை விமானத்தில்தான். ஆனால் அதற்கு எஞ்சின் ஒன்றே ஒன்று. அந்த எஞ்சினே மின்சாரத்துக்கும், இறக்கைகளிலும் வாலிலும் உள்ள அசையும் பாகங்களை இயக்கும் திரவ அழுத்தத்துக்கும் மூலம். அது நின்றால் விமானியின் கையிலிருக்கும் பிடிக்கு விமானம் கட்டுப்படாது. அந்த நிலைக்கென்று ஒரு துணை ஏற்பாடு வைத்திருந்தார்கள்: கைப்பிடி ஒன்றை இழுத்தால் சிறிய காற்றாலை போன்ற பொறி ஒன்று விமானத்துக்கு வெளியே நீண்டு, எதிர்க்காற்றில் சுழன்று, அவசரத் தேவைக்கான சக்தியைத் தரும்.

வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் பகுதியை நெருங்கும்போது வழியில் பெரும் இடிமேகம் நின்றிருந்தது. அதன் உச்சி நாற்பதாயிரம் அடியையும் தாண்டியிருந்தது. ஓடுபாதையிலிருந்து பார்த்தால் கருத்த அடிப்பகுதி மட்டுமே தெரியும் அந்த மேகத்தை மேலிருந்து பார்க்க வாய்த்தவர்கள் அதை ஒரு மலைக்கு ஒப்பிடுவார்கள். இருவரும் அதைத் தாண்டிப் போவதற்காக மேலே ஏறினார்கள். மாலை ஆறு மணியை நெருங்கும்போது ராங்கின் 47,000 அடியில், அதாவது பதினான்கு கிலோமீட்டருக்கும் மேலே, ஒலியின் வேகத்தில் 0.82 பங்கு வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். அப்போது அவருக்குப் பின்னால் இருந்த எஞ்சினிலிருந்து இடிப்பது போன்ற ஒரு சத்தமும் அதைத் தொடர்ந்து ஓர் உறுமலும் கேட்டன. தீ எச்சரிக்கை விளக்கு எரிந்தது. எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் முள் சில விநாடிகளில் சுழியத்துக்கு இறங்கிவிட்டது.

துணைச் சக்திக்கான கைப்பிடியை அவர் இழுத்தார். அது பிய்ந்து கையோடு வந்துவிட்டது.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் படிப்பதை நிறுத்திவிடுவேன். எத்தனையோ பொறியாளர்கள் யோசித்து யோசித்து வைத்த மாற்று ஏற்பாடு, அதற்குரிய தருணம் வந்தபோது, ஒரு துண்டு உலோகமாகக் கையில் நிற்கிறது. சத்தம் அடங்கிய விமானியறையில் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஒரு கணம் எப்படி இருந்திருக்கும்! அவருக்குக் கீழே மேகம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. உயரமான வெளியில் உடலைக் காக்கும் அழுத்த உடையை அவர் அணிந்திருக்கவில்லை. வழக்கமான கோடைக்காலப் பறப்பு உடைதான் உடம்பில். வெளியே குளிர் உறைநிலைக்குக் கீழே ஐம்பது பாகை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். பிராணவாயு இல்லாமல் அங்கே ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு விநாடிக்கு மேல் நினைவு நிற்காது. இவை அனைத்தும் அவருக்குத் தெரியும். நோலனுக்கு வானொலியில் தகவல் சொல்லிவிட்டு, சரியாக ஆறு மணி அளவில், தலைக்கு மேலிருந்த கைப்பிடிகளை இரு கைகளாலும் பற்றி இழுத்தார்.

வெளியேற்றும் இருக்கை அப்போது புதிய பொருள் அல்ல. 1942 ஜனவரியில் ஜெர்மனியில் ஹெல்முட் ஷெங்க் என்பவர், பனி படிந்து கட்டுப்பாட்டை இழந்த ஹைன்கெல் விமானத்திலிருந்து இப்படி வெளியேறி உயிர் பிழைத்ததே ஆபத்துக் காலத்தில் இதைப் பயன்படுத்திய முதல் நிகழ்ச்சி. போருக்குப் பின் பிரிட்டனின் மார்ட்டின்-பேக்கர் நிறுவனம் இதையே தன் முழுத் தொழிலாக்கிக்கொண்டது. அந்நிறுவனத்தின் பங்குதாரரான வாலண்டைன் பேக்கர் 1942-இல் சோதனைப் பறப்பு ஒன்றில் இறந்தார். அந்தத் துயரம்தான் ஜேம்ஸ் மார்ட்டினை விமானிகளின் உயிர்காப்பில் முழுமூச்சாக இறங்க வைத்தது என்பார்கள். அந்நிறுவனத்தின் இருக்கைகள் மட்டும் இன்றுவரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் இவை எல்லாமே ஓர் எண்ணத்தின் மீது கட்டப்பட்டவை: வெளியேற்றப்பட்டவர் கீழே இறங்குவார். ராங்கினுக்குக் காத்திருந்தது அந்த எண்ணத்தையே புரட்டிப் போட்டது.

வெளியே வீசப்பட்ட கணத்தில் அவர் உடல் ஒரு வெடிப்பை உணர்ந்தது. மூடிய பாட்டிலைத் திறந்தவுடன் சோடா பொங்குவது போல, அழுத்தம் குறைந்தவுடன் உடலுக்குள் இருக்கும் வாயுக்களெல்லாம் விரிகின்றன. வயிறு ஊதிப் பெருத்தது. கண்களிலிருந்தும் காதுகளிலிருந்தும் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் இரத்தம் கசிந்தது. குளிர் முதலில் நெருப்பாகச் சுட்டு, பிறகு உணர்ச்சியே இல்லாமல் செய்தது. உடல் தட்டாமாலையாகச் சுழன்றதில் கைகால்கள் நாலா பக்கமும் இழுக்கப்பட்டன. முகத்தில் மோதி மோதி அடித்துக்கொண்டிருந்த பிராணவாயு முகமூடியைப் பிடித்து வாயோடு அழுத்த வேண்டும். அதற்குத் தன் கையையே தன் பக்கம் கொண்டுவர அவர் போராட வேண்டியிருந்தது. எப்படியோ பிடித்துவிட்டார்.

இனி அவர் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. நான் அவரை மதிப்பது இந்த இடத்துக்காகத்தான்.

அவருடைய பாராசூட் தானாகத் திறக்கக்கூடியது. அதற்குள் காற்றழுத்தத்தை உணரும் ஒரு கருவி உண்டு. கீழே வர வரக் காற்றின் அழுத்தம் கூடும். 10,000 அடி உயரத்துக்கு உரிய அழுத்தம் வந்தவுடன் அக்கருவி பாராசூட்டை விடுவிக்கும். அதுவரை விமானி கல்லைப் போல விழுந்துகொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் விரைவில் விழுந்தால்தான் மூச்சு விடக்கூடிய காற்றுக்கும் உறையவைக்காத வெப்பத்துக்கும் விரைவில் போய்ச் சேர முடியும். பாராசூட்டைக் கையாலும் திறக்கலாம். அதற்கான இழுவளையம் மார்பிலேயே இருக்கிறது. விழுந்துகொண்டிருக்கும் மனிதனின் ஒவ்வொரு நரம்பும் அதை இழுக்கச் சொல்லும். மேலேயே திறந்துவிட்டால் மெல்ல மெல்ல இறங்கி, அவசரக் குப்பியில் இருக்கும் சிறிதளவு பிராணவாயு தீர்ந்துபோய், மூச்சுத் திணறியோ குளிரில் விறைத்தோ இறக்க நேரிடும். ராங்கின் இழுக்கவில்லை. மேகத்துக்குள் புகுந்த பிறகு தரை எங்கே, தன் உயரம் என்ன என்று எதுவும் தெரியவில்லை. ஐந்து நிமிடம் ஆகியும் பாராசூட் திறக்கவில்லை. கருவி பழுதோ, உறைந்துவிட்டதோ, அடுத்த நொடி தரையில் மோதிவிடுவோமோ என்ற ஐயம் எழாமல் இருந்திருக்குமா? விமானத்தில் ஒரு கைப்பிடி ஏற்கெனவே அவரை ஏமாற்றியிருந்தது. அப்படிப்பட்டவர் மற்றொரு கருவியை நம்பிக் காத்திருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. வீரம் என்றதும் நாம் பாய்வதையும் தாக்குவதையும் பாடிப் பழகியவர்கள். கையை மார்பருகே வைத்துக்கொண்டு இழுக்காமல் இருப்பதற்கும் அதே சொல்லைக் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பிறகு ஓர் உதறலோடு பாராசூட் திறந்தது. அவருக்கு நிம்மதி, இன்னும் சில நிமிடங்களில் தரையில் இருப்போம் என்று எண்ணினார். உண்மையில் அது உரிய உயரத்துக்கு முன்பே திறந்துவிட்டது. புயலுக்குள் தாறுமாறாக மாறிய காற்றழுத்தம் அந்தக் கருவியை ஏமாற்றிவிட்டது என்றுதான் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். அத்தனை பொறுமையாகக் காத்திருந்தும் அவர் தொங்கியது இடிமேகத்தின் நடு வயிற்றில்.

இடிமேகம் என்பது நின்றுகொண்டிருக்கும் நீராவி அல்ல. தரையருகே இருக்கும் சூடான ஈரக் காற்று மேலே பீறிட்டு எழுகிறது; எழும்போது ஈரம் குளிர்ந்து துளியாகிறது; துளியாகும்போது வெளிப்படும் வெப்பம் காற்றை மேலும் சூடாக்கி மேலும் மேலே தள்ளுகிறது. வலுவான மேகத்தில் இந்த மேலெழும் காற்றின் வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். அதன் பக்கத்திலேயே குளிர்ந்த காற்று மழையையும் ஆலங்கட்டியையும் இழுத்துக்கொண்டு கீழே பாய்ந்துகொண்டிருக்கும். ஆலங்கட்டி உருவாவதே இப்படித்தான்: மேகத்துக்குள் தூக்கி நிறுத்தப்பட்டு, பனித்துளிகளை மேலே பூசிக்கொண்டு வளர்ந்து, காற்றால் தாங்க முடியாத எடை வந்ததும் விழுகிறது. விரிந்த பாராசூட்டில் தொங்கும் மனிதனும் அந்தக் காற்றுக்கு ஓர் ஆலங்கட்டியே. விரிந்த துணி அவரைக் காப்பாற்றுவதற்கு மாறாக, காற்று பிடித்துத் தூக்குவதற்கு வாகாகிவிட்டது.

ராங்கின் மேலே தூக்கப்பட்டார், கீழே எறியப்பட்டார், மீண்டும் தூக்கப்பட்டார். எத்தனை முறை என்று அவருக்கே கணக்கில்லை. ஊஞ்சலாடிச் சுழன்றதில் வாந்தி எடுத்தார். ஒரு கட்டத்தில் காற்று அவரைப் பாராசூட்டுக்கும் மேலே வீச, ஈரத் துணி போர்வை போல உடம்பைச் சுற்றிக்கொண்டது. கயிறுகள் சிக்கிக்கொண்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். விழுந்த வேகத்தில் துணி விலகி மறுபடியும் விரிந்தது. ஆலங்கட்டிகள் உடலெங்கும் அறைந்தன. மழை என்று அதைச் சொல்வது சரியாகாது. நீரின் அடர்த்தி எவ்வளவு என்றால், ஆகாயத்தில் தொங்கிக்கொண்டே மூழ்கிச் செத்துவிடுவோமோ என்று அஞ்சி அவர் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

மின்னலைத் தரையிலிருந்து கோடாகப் பார்த்தே பழகியவர்கள் நாம். அவர் அதைப் பல அடி கனமுள்ள நீல வாள்களாக, தனக்கு அருகிலேயே பார்த்தார். இடியைக் காதால் கேட்டதாக அவர் சொல்லவில்லை. உடம்பு முழுவதும் அதிர்வாக உணர்ந்ததாகச் சொல்கிறார். ஒருமுறை மின்னல் வெட்டியபோது தலைக்கு மேல் விரிந்திருந்த வெள்ளைத் துணி முழுவதும் ஒளிர்ந்தது. மாபெரும் தேவாலயத்தின் உட்கூரைக்குக் கீழே நிற்பதுபோல் அவருக்குத் தோன்றியது. தான் இறந்துவிட்டதாகவே நினைத்தார். இதைப் படித்தபோது என் மனம் ஒரு நொடி அசையாமல் நின்றுவிட்டது. அந்த நொடியில் அவருக்கு அச்சம் இருந்திருக்குமா, ஆறுதல் இருந்திருக்குமா என்று இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படி ஓர் இடிமேகத்துக்குள் அகப்பட்டுப் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லா என்னும் ஊரில், பாராகிளைடரில் பறந்துகொண்டிருந்த ஈவா விஸ்னியர்ஸ்கா என்ற ஜெர்மன் வீராங்கனையை இடிமேகம் உறிஞ்சிக்கொண்டு 9,946 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் சென்றது. வெகுநேரம் நினைவிழந்து கிடந்த பின் உயிரோடு இறங்கினார். அன்று அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் ஒருவர் பிழைக்கவில்லை. அந்த ஒப்பீட்டைப் பார்த்த பிறகு, ராங்கின் பிழைத்ததில் அவருடைய உறுதிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு தற்செயலுக்கும் உண்டு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. மின்னல் சற்றுத் தள்ளி இறங்கியது அவருடைய திறமை அல்ல.

மெல்ல மெல்ல ஆட்டம் தணிந்தது. மழை சாதாரண மழையானது. கீழே பசுமை தெரிந்தது. காற்று கடைசியாக ஒருமுறை அவரைக் காட்டுக்குள் இழுத்துச் சென்று, பாராசூட்டை மரக்கிளைகளில் மாட்டி, அவரை ஓர் அடிமரத்தில் தலையோடு மோதவிட்டது. தலைக்கவசம் காத்தது. விழுந்து கிடந்தவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி 6:40. அந்த உயரத்திலிருந்து பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய இறக்கம் நாற்பது நிமிடம் எடுத்திருந்தது.

அவர் விழுந்த இடம் வட கரோலினாவின் ரிச் ஸ்குவேர் என்னும் சிற்றூருக்கு அருகே. இருட்டிக்கொண்டு வந்தது. உதவிக்கு யாரும் இல்லை. கைகால் இன்னும் அசைகின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துக்கொண்டு எழுந்து, காட்டின் ஊடே நடந்து ஒரு சாலையைக் கண்டுபிடித்தார். வந்த வண்டிகளை நிறுத்தக் கையசைத்தார். கிழிந்த உடையும் இரத்தம் காய்ந்த முகமுமாக மழையில் நின்ற ஒருவரைப் பார்த்து வண்டிகள் நிற்காமல் போயின. ஓட்டியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த நேரத்தில், அந்தக் கோலத்தில் இருந்தவர் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பு விமானத்தில் பறந்துகொண்டிருந்தார் என்று யாரால் ஊகித்திருக்க முடியும்? கடைசியில் ஒரு வண்டி நின்றது. அதில் வந்தவர்கள் அவரை ஏற்றிக்கொண்டு போய், வழியில் இருந்த ஒரு கடையில் இறக்கி, அங்கிருந்து தொலைபேசியில் ஆம்புலன்சை அழைக்கச் செய்தார்கள்.

அஹோஸ்கி ஊர் மருத்துவமனையில் அவரைப் பரிசோதித்த மருத்துவர்கள் கண்டவை: குளிரால் நிறம் மாறிய தோல், உடலெங்கும் தடிப்பும் கன்றலும், அழுத்தக் குறைவால் உடல் வீங்கியபோது பறப்பு உடையின் தையல்கள் தசையில் பதிந்த வரிகள். சில வாரங்கள் மருத்துவத்தில் இருந்து தேறினார். அதன் பிறகு ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்து 2009-இல் மறைந்தார்.